இல்லமே முதல் கணக்குப் பள்ளி

குற்றாலத்துச் சாரல் இலத்தூர் வயல்வெளி வரைக்கும் வந்து தூறும் ஆனி மாதத்து மாலை. இல்லங்களைச் சந்தித்து வரும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். அவ்வீட்டுத் தாய் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அருகில், இரண்டாம் வகுப்பை முடித்து மூன்றாம் வகுப்புக்குச் சென்றிருந்த அவருடைய மகன், ஒரு பயிற்சி நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கலங்கிய கண்களோடு இருந்தான். பக்கத்தில் அதே போன்ற நூல்கள் வேறு மூன்று கிடந்தன. எல்லாம் தென்காசிக் கடைவீதியில் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் முதற் சில பக்கங்களே நிரப்பப்பட்டிருந்தன.

“எந்தப் புத்தகம் வாங்கினாலும் இவனுக்குக் கணக்கு ஏறமாட்டேங்குது சாமி. எனக்கே கணக்கு வராது. நான் எப்படிச் சொல்லிக் கொடுக்க?” என்றார் அத்தாய்.

பேசும்போதும் அவர் விரல்கள் நிற்கவில்லை. ஒரு கட்டைக் கட்டி முடித்து ஓரமாக வைத்தார். “இன்றைக்கு எத்தனை கட்டு ஆயிற்று, அம்மா?” என்று கேட்டேன்.

“முப்பத்தோரு கட்டு ஆச்சு சாமி. இன்னும் ஒன்பது சுத்தணும்.”

“ஒன்பது கட்டென்றால் எத்தனை பீடி?”

“இருநூத்தி இருபத்தஞ்சு” என்றார், கண்ணிமைக்கும் நேரத்தில். கட்டுக்கு 25 பீடி; 40 கட்டுச் சேர்ந்தால் ஆயிரம். தாளும் எழுதுகோலும் இன்றி, கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் ஒரே மூச்சில் செய்து முடித்தவர், தமக்குக் கணக்கு வராது என்கிறார்! அன்று என் உள்ளத்தை உறுத்தியது மகனுடைய பிழையன்று. தாயின் இந்த நம்பிக்கையே.

மகனுடைய ஏட்டைப் பார்த்தேன். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லியிருந்தது. அவன் 35 என எழுதியிருந்தான். ஏழிலிருந்து இரண்டை எடுத்தால் ஐந்து. நான்கிலிருந்து ஒன்றை எடுத்தால் மூன்று. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதே கழித்தல் என்று அவன் எண்ணிவிட்டான். இது சோம்பலால் வந்த பிழையன்று. அவனுக்கு 42 என்பது நாற்பத்திரண்டு பொருள்களாகத் தோன்றவில்லை. அருகருகே நிற்கும் இரண்டு குறிகளாகவே தோன்றிற்று.

அவன் ஒருவன் மட்டுமா இப்படி? ‘ஏசர்’ என வழங்கும் கல்வி நிலை ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள், கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கைச் செய்ய வல்லவர்கள் நூற்றுக்கு 33.7 பேர். 2022-இல் அவர்கள் 25.9 பேராகவே இருந்தனர். நிலை உயர்ந்திருக்கிறது, மகிழ்ச்சியே. ஆயினும் மூவரில் இருவர் இன்னும் அந்தச் சிறுவன் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். இதற்கு இல்லத்தில் நாம் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கை, கண், எழுத்து

சிறு பிள்ளை எண்ணை அறியும் வழியில் மூன்று படிகள் உண்டு. முதலில் பொருளைக் கையால் எடுத்து, சேர்த்து, பிரித்து அறிகிறது. அடுத்து அப்பொருளின் படத்தைக் கண்டு அறிகிறது. கடைசியாகவே 4, 2 என்னும் குறிகளைக் கொண்டு அறிகிறது. அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் புரூனர் 1966-இல் வெளியிட்ட நூலில் அறிதலின் இந்த மூன்று வகைகளையும் முறையாக விளக்கினார். சிங்கப்பூர் அரசு 1980-களின் தொடக்கத்தில் தன் தொடக்கப் பள்ளிக் கணக்கு நூல்களை இந்த வரிசையிலேயே அமைத்தது. 1995-இல் பல நாட்டு மாணவர்களிடையே நடைபெற்ற கணித ஆய்வில் அச்சிறு நாடு முதலிடம் பெற்றது. அதன்பின் அமெரிக்காவில், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பங்கள் பலவும் அந்நூல்களை விரும்பி வாங்கலாயின.

இவ்வழி நம் நாட்டுக்கும் புதிதன்று. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில், 1942 முதல் 1944 வரை, நம் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளிடையே பணியாற்றினார். அவர் அமைத்த மணிக் கருவியில் ஒன்று என்பது ஒரு தனி மணி. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் ஒரு கோல். பத்துக் கோல்களைச் சேர்த்தால் நூறு மணி கொண்ட சதுரம். பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம் மணி கொண்ட கனசதுரம். ஆயிரம் எவ்வளவு பெரியது என்பதை ஐந்து வயதுக் குழந்தை கையால் தூக்கிப் பார்த்தே உணர்கிறது.

அக்கருவி விலை மிக்கது. ஆனால் தென்னை வளரும் நம் பகுதியில் ஈர்க்குக்கா பஞ்சம்? விரல் நீளத்துக்கு ஈர்க்குகளை நறுக்குங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையமிட்டுக் கட்டுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெருங்கட்டாக்குங்கள். அதுவே நூறு. செலவு ஒன்றுமில்லை, கருத்தோ அதுவே.

அன்று அத்திண்ணையில் இதைத்தான் செய்தோம். நான்கு கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் வைத்து, “இதிலிருந்து ஏழை எடு தம்பி” என்றேன். இரண்டுதானே இருக்கிறது என்று விழித்தான். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தானே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றினான். இப்போது பன்னிரண்டு தனி ஈர்க்குகள். ஏழை எடுத்தான், ஐந்து மிஞ்சின. மூன்று கட்டுகளில் ஒன்றை எடுத்தான், இரண்டு மிஞ்சின. “இருபத்தஞ்சு!” என்று அவன் சொல்லுமுன்பே தாய் சொல்லிவிட்டார். “என் ஒரு கட்டுல்லா இது!” என்று சிரித்தார். ‘கடன் வாங்குதல்’ என்னும் சொல்லை நாங்கள் எவரும் பயன்படுத்தவேயில்லை. கட்டை அவிழ்த்தோம், அவ்வளவே.

திண்ணையிலிருந்து திண்ணைக்கு

நம் முன்னோர் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர்கள். அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். அவர்கள் கற்ற கணக்கு ஊரின் கணக்கே. நெல் அளக்க இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று கற்றனர். பின்னங்களை அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கி 1/16 வரையும், மா, காணி, முந்திரி என்று வேறு வழியில் இறங்கி 1/320 வரையும் பெயரிட்டு அறிந்தனர். இம்மரபை ஆராய்ந்து செந்தில் பாபு என்னும் அறிஞர் 2022-இல் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டுள்ளார்.

சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் ஆங்கிலிக்கக் குரு, நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

ஆயினும் அத்திண்ணையை முழுதும் புகழ்ந்துவிட இயலாது. 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ ஊர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அதன் விவரங்களில் சிறுமியர் மிகச் சிலரே காணப்படுகின்றனர். பிரம்புக்கும் அங்கே குறைவில்லை. எண்ணைக் கற்கும் திண்ணையில் பெண்ணுக்கு இடமளிக்காத நம் சமுதாயம், “எனக்குக் கணக்கு வராது” என்னும் சொல்லை அவள் வாயில் வைத்துப் பல தலைமுறையாகச் சொல்லச் செய்துவிட்டது. இன்று ஒரு தாய் தன் திண்ணையில் மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே எண்ணைக் கற்பிக்க அமர்வாளாயின், அது சிறு செயலன்று.

தமிழ் எண்ணின் தெளிவும் இடறலும்

கணக்கை எம்மொழியில் கற்பிப்பது என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். பள்ளி ஆங்கில வழியாயினும் வீட்டில் முதல் எண்ணிக்கை தமிழிலேயே அமையட்டும். ‘பதினைந்து’ என்னும் சொல்லிலேயே பத்தும் ஐந்தும் உள்ளன. ‘இருபத்தைந்து’ என்றால் இரண்டு பத்தும் ஓர் ஐந்தும். ‘இலெவன்’, ‘ட்வெல்வ்’ என்னும் ஆங்கிலச் சொற்களில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிய வழியில்லை.

ஆனால் தமிழிலும் ஓர் இடறல் உண்டு. எண்பது வரையில் பெயர்கள் பத்தைக் காட்டிச் செல்கின்றன. அடுத்து வரும் தொண்ணூறு திடீரென நூற்றைக் காட்டுகிறது. அவ்வாறே தொள்ளாயிரம் ஆயிரத்தைக் காட்டுகிறது. ‘தொண்ணூற்றெட்டு’ என்று நாம் சொல்ல, குழந்தை அதனுள் ‘நூற்றெட்டு’ என்று கேட்டு 108 என எழுதிவிடும். அவ்வேளையில் அடிக்காதீர்கள், அது காதால் கேட்டதை உண்மையாகவே எழுதியிருக்கிறது. ஒன்பது கட்டுகளையும் எட்டுத் தனி ஈர்க்குகளையும் எடுத்து வைத்துக் காட்டுங்கள். நூறு இன்னும் நிறையவில்லை என்பதை அதுவே கண்டுகொள்ளும்.

எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது?

கைப்பயிற்சி போதும், நூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையாகச் செல்ல நூல் துணை செய்யும். ஆயின் கடையில் நின்று வண்ணப் படங்களைக் கண்டு மயங்காமல், நான்கு வினாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, குறிக்கு முன் பொருள் வருகிறதா? முதற் பக்கத்திலிருந்தே 1 முதல் 100 வரை எழுதச் சொல்லும் நூல் கைக்குப் பயிற்சியாகுமேயன்றி அறிவுக்கு ஆகாது.

இரண்டாவது, நூல் எந்த நடையில் செல்கிறது? ஒரு பாடத்தை முற்றக் கற்பித்தபின் அடுத்ததற்குச் செல்லும் நூல்கள் ஒரு வகை. சிங்கப்பூர் நூல்கள் பெரிதும் இவ்வகையின. நாள்தோறும் புதியது சிறிதும் பழையது மிகுதியுமாகச் சுழற்றித் தரும் நூல்கள் மற்றொரு வகை; அமெரிக்கரான ஜான் சாக்சன் 1980-களில் வெளியிடத் தொடங்கிய நூல்கள் இவ்வகையின. விரைவில் மறக்கும் பிள்ளைக்குப் பின்னது ஏற்றது. ஒன்றில் ஆழ்ந்துபோகும் பிள்ளைக்கு முன்னது ஏற்றது. எது உயர்ந்தது என்னும் வழக்கு நமக்கு வேண்டாம். நம் பிள்ளை எத்தகையது என்பதே வினா.

மூன்றாவது, நூலில் உள்ள உலகம் நம் பிள்ளையின் உலகமா? அமெரிக்காவில் அச்சான நூல்களில் அங்குலமும் பவுண்டும் வரும். 25 சென்ட் நாணயம் வரும். ரூபாயும் கிலோவும் லிட்டரும் புழங்கும் வீட்டுப் பிள்ளை, எண்ணோடு அந்நிய அளவையையும் சேர்த்துச் சுமக்க நேரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் நூல்களாயினும் இதை நோக்கியே பயன்படுத்துக.

நான்காவது, கற்பிப்பவருக்கு வழிகாட்டும் குறிப்புகள் உண்டா? பிள்ளை தவறினால் என்ன கேட்பது, எந்தப் பொருளை எடுத்துக் காட்டுவது என்று சொல்லும் நூலே பெற்றோருக்கு உதவும். விடைகளை மட்டும் பின்பக்கத்தில் அடுக்கியிருக்கும் நூல் அவ்வளவாக உதவாது.

இந்த நான்கையும் வைத்துப் பார்க்கையில், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அரசுப் பாடநூலை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பார்க்காமல், அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலையாலும் பிரித்து, செயல்வழிப் பயிற்சிகளை வகுத்தது. உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம், “மதிப்பெண் எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன், “எந்தப் படியில் நிற்கிறான்?” என்று கேளுங்கள். அந்தப் படிக்குரிய நூல் ஒன்றே போதும். நான்கு நூல்களில் முதற் பத்துப் பக்கங்களை முடிப்பதிலும், ஒரே நூலைக் கடைசி வரை முடிப்பது நன்று.

நாள்தோறும் கால் மணி நேரம்

பயன்படுத்தும் முறை எளியது. விடாமல் செய்வதே அரிது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம், ஒரே வேளையில். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அதற்கு மேல் இருத்தி வைத்தால் எண்ணின்மீது வெறுப்பே வளரும். முதல் ஐந்து நிமிடம் கையால் செய்யும் வேலை, அடுத்த ஐந்து நிமிடம் வாயால் சொல்லும் கணக்கு, கடைசி ஐந்து நிமிடம் ஏட்டில் எழுதுதல் எனப் பகுத்துக்கொள்ளலாம்.

பிழை கண்டால் “தப்பு” என்று சொல்லாதீர்கள். “எப்படி வந்தது? செய்து காட்டு” என்று கேளுங்கள். சரியான விடைக்கும் சில வேளை அதே வினாவைக் கேளுங்கள். இல்லையேல், தாய் ‘எப்படி’ என்று கேட்டாலே தவறு என்று பிள்ளை பழகிவிடும்.

வாய்பாடு வேண்டாமா என்பீர்கள். கட்டாயம் வேண்டும். மனத்தில் நிற்கும் வாய்பாடு பின்னாளில் பெருந்துணை. ஆனால் பொருள் முந்த வேண்டும். மூவைந்து பதினைந்து என்று சொல்லுமுன், ஐந்தைந்தாகப் புளியங்கொட்டைகளை மூன்று வரிசையில் அடுக்கட்டும். பதினாறாம் வாய்பாட்டை ஒப்பிக்க வல்ல ஒரு சிறுவன், கடையில் நூறு ரூபாய் கொடுத்து 64 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, மீதி எவ்வளவு என்று தெரியாமல் திகைத்து நின்றதை நான் கண்டதுண்டு.

இனி, வீட்டு வேலைகளையே பாடமாக்குங்கள். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் குழிக்கு ஐந்தாக இட்டால் எத்தனை முத்து என்று கேளுங்கள். அரிசி அளக்கும்போது ஓர் உழக்கு எத்தனை முறை போட்டால் படி நிறையும் என்று பிள்ளையே அளந்து பார்க்கட்டும். பூ முழம் போடும்போது தாயின் முழத்துக்கும் மகளின் முழத்துக்கும் வேற்றுமை ஏன் என்று பேசுங்கள். சந்தைக்குச் செல்கையில் பத்து ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை அவளிடம் ஒப்படையுங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு: தாயின் கட்டுக் கணக்கைப் பிள்ளை வாயால் சொல்லலாம், ஆனால் அதன் கை பீடிச் சுளகின் அருகே போகலாகாது. புகையிலைத் தூள் சிறு நெஞ்சுக்குத் தீது. குழந்தையை அவ்வேலையில் ஈடுபடுத்துவது சட்டத்துக்கும் முரண். அதற்காகவே ஈர்க்கும் புளியங்கொட்டையும்.

பள்ளி வேண்டாமா?

நகரங்களில் சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் கற்பித்து, பதினான்கு வயதுக்குமேல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதச் செய்கின்றன. அவர்களுக்கு நேரமும் நூலறிவும் வசதியும் இருக்கலாம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளிக் கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கியுள்ளது. நாளெல்லாம் உழைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்களுக்குப் பள்ளி பெருங்கொடை. அதைக் கைவிடச் சொல்வது என் கருத்தன்று. வீடு பள்ளிக்கு மாற்றன்று, அதற்கு அடித்தளம். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றிய தன் அறிக்கையில் அறிவித்ததும் இப்பொருளிலேயே நமக்கு உரியது. அப்பொறுப்பை முழுவதும் தனிப்பயிற்சி வகுப்பிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருத்தல் தகாது.

சில வாரங்கள் கழித்து அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றேன். சிறுவன் கணக்கில் புலியாகிவிட்டான் என்று எழுதினால் அது பொய்யாகும். 50-லிருந்து 23-ஐக் கழிக்கும்போது, தனி ஈர்க்கு ஒன்றுகூட இல்லாததைக் கண்டு இன்னமும் தடுமாறுகிறான். ஆனால் அழவில்லை, கட்டை எடுத்து வளையத்தைக் கழற்றுகிறான். நான்கு நூல்களில் மூன்று பரணுக்குப் போய்விட்டன. நான் விடைபெறும்போது தாய் கேட்டார்: “அடுத்தாப்புல வகுத்தல் வருதாமே சாமி. நாப்பது கட்டை எட்டுப் பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்கு அஞ்சு. அந்த மாதிரி சொல்லிக் கொடுத்தாப் போதுமா?”

போதும் அம்மா. தமக்குக் கணக்கு வராது என்ற பழைய சொல்லை அவர் அன்று சொல்லவில்லை. இதை வாசிக்கும் தாய்மாரே, தந்தையரே, நீங்களும் அச்சொல்லைப் பிள்ளையின் செவியில் விழும்படி இனிச் சொல்லாதிருங்கள். இன்று மாலையே ஈர்க்கை நறுக்குங்கள். பத்துப் பத்தாகக் கட்டுங்கள். பிள்ளையை அருகில் அமர்த்துங்கள்.